வேலன் வராத ஞாயிறு: ஒரு பாத்திர ஆட்டத்தின் கிளாஸ் அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏழு பேர் கூடி ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி முடிவெடுப்பார்கள். ஒரு செயல் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். பாத்திரம் எந்த வகை, அதனால் என்னென்ன முடியும் என்று வகுப்பதுதான் கிளாஸ். கதையை நடத்துபவர் தருமபுரியில் கணித ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் அவர் சார்தான். ஆடுபவர்களில் மூன்று பேருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் முறை. ஒருவர் வீட்டில் மாந்தோப்பு. ஒருவர் கல்லூரி மாணவி. ஆறாவது ஆள் நான். குறிப்பேடு என் பொறுப்பு. இந்தக் கட்டுரை அந்தக் குறிப்பேட்டை வைத்து, எல்லோருடைய சம்மதத்தோடும் எழுதப்படுகிறது.

வெளிநாட்டு விதிப் புத்தகங்களைக் கொண்டு கொஞ்ச காலம் ஆடிய பிறகு, சொந்தமாக ஒரு ஆட்டம் செய்வது என்று முடிவானது. களம், அதியமான் ஆண்ட தகடூரை ஒத்த ஒரு கற்பனை நாடு. அங்கே சுனையிலும் மலை உச்சியிலும் அணங்கு என்ற அச்சம் தரும் தெய்வம் இருக்கிறது. ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்து போகிறார்கள், மீட்கப் போகிறார்கள். இறந்த வீரனுக்கு நட்ட கல்லின் முன் கள்ளும் பூவும் வைத்தால் அவன் பேசுவான். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் களத்தை நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை.

பகடைக்கு எடுத்துக்கொண்டது தாயக்கட்டை. இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறுமுகமும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் 16 விதமாக விழலாம். கடினமான செயலுக்கு 5 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சார் வைத்தார். பயிற்சி இல்லாதவருக்கு 16இல் 4 வாய்ப்பு. விழுந்ததோடு கூட்டிக்கொள்ள ஒரு புள்ளி கூடுதல் இருந்தால் 7. இரண்டு இருந்தால் 11. மூன்றுக்கு 14. நான்கு இருந்தால் 16க்கு 16, அதாவது தோற்கவே முடியாது. வெளிநாட்டு ஆட்டங்களில் வரும் இருபது முகப் பகடையில் ஒரு புள்ளிக்கு ஐந்து சதவீதம்தான் மதிப்பு. தாயக்கட்டையில் அதே ஒரு புள்ளி மலையளவு கனம். பின்னால் வந்த சிக்கல்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

முதல் வடிவம்: ஐந்து கிளாஸ்

வீரர், வேலன் (குறி சொல்லும் முருகன் பூசாரி), பாணர் (யாழ் இசைத்துப் பாடுபவர்), வேட்டுவர், கொல்லர் என்று ஐந்து கிளாஸ். கொல்லரைச் சேர்த்ததில் எல்லோருக்கும் பெருமை இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அந்த மண்ணை வைத்துச் செய்யும் ஆட்டத்தில் இரும்படிப்பவர் இல்லாமல் எப்படி?

அமைப்பு பழைய வழியில் இருந்தது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அமெரிக்க ஆர்பிஜியில் சண்டைக்காரர், மந்திரக்காரர், பூசகர் என்று மூன்றே கிளாஸ். திருடர் அடுத்த ஆண்டு துணைநூலில் சேர்ந்தார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது, அதனால் சேர்ந்துதான் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. எங்கள் ஆட்டத்திலும் அப்படியே வைத்தோம். புண்ணை ஆற்ற வேலனால் மட்டும் முடியும். ஆயுதம் எடுக்க வீரருக்கும் வேட்டுவருக்கும் மட்டும் உரிமை. கொல்லர் ஆயுதத்தைச் செப்பனிடலாம், அதை வைத்துச் சண்டை போட முடியாது.

கவனித்தவை

முதலில் தெரிந்தது வருகைப் பிரச்சினை. ஓசூரில் வேலை பார்க்கும் மூவருக்கும் ஒரே வாரத்தில் ஏ ஷிப்ட் அமைவது அபூர்வம். ஒருவர் சி ஷிப்ட் முடித்துத் தூங்குவார், இன்னொருவர் ஞாயிறும் ஓ.டி. பார்ப்பார். ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்த மாலைகள் குறைவு.

ஆநிரை மீட்கப் போன ஒரு மாலையில் வேலனாக ஆடுபவர் வரவில்லை. மற்றவர்கள் போய் மாட்டையும் மீட்டார்கள், ஆனால் இரண்டு வீரர்களுக்கும் வேல் காயம். ஆற்ற ஆளில்லை. துரத்தி வருபவர்கள் பின்னால் இருக்கிறார்கள். பாறைக் குகைக்குள் ஒளிந்துகொண்டு, அடுத்து என்ன என்று பேசிப் பேசியே அன்றைய ஆட்டம் முடிந்தது. அடுத்த ஞாயிறு வேலன் வந்தார். இரண்டு வீரர்களும் வரவில்லை. வந்தவர் யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வராதவரின் பாத்திரத்தை இன்னொருவர் ஆடலாமே என்று ஒரு யோசனை வந்தது. வேலனாக ஆடுபவர் உடனே மறுத்தார். "நான் இல்லாதப்ப என் ஆள யாரும் ஓட்ட வேண்டாம்ணா. செத்தாலும் நான் இருக்கும்போது சாகட்டும்." அந்த யோசனை அதோடு நின்றது. அவர் சொன்னது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். பாத்திரத்தின் ஆபத்தைத் தானே சுமப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

இரண்டாவது கவனிப்பு கொல்லர் பாத்திரத்தைப் பற்றியது. உலைக்களத்துக்குள் எதிரிகள் புகுந்த காட்சி. கொல்லராக ஆடும் மாணவியின் முறை வந்தது. பாத்திரத் தாளில் தான் வரைந்து வைத்திருந்த சம்மட்டிப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இதத் தூக்கித்தான அடிக்கிறேன்? வாள் புடிக்கிறவங்களவிட எனக்குத் தோள் பலம் அதிகம் இல்லையா?" சார் விதித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விதியில அப்படித்தான்மா இருக்கு" என்றார். மாணவி வெறுங்கையோடு உருட்டினார், மூன்று விழுந்தது. அதற்குப் பிறகு வந்த தன் முறைகளில் எல்லாம் பட்டறைக்கல்லின் பின்னால் ஒளிந்திருப்பதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அக்கறையும் இல்லை. எனக்கு அந்த அக்கறையின்மைதான் பெரிய அறிகுறியாகப் பட்டது.

பாணராக ஆடும் மாந்தோப்புக்காரர் சண்டைக் காட்சிகளில் போன் பார்க்கத் தொடங்கியிருந்தார் என்பதும் குறிப்பில் இருக்கிறது.

இரண்டாம் வடிவம்: கிளாஸே வேண்டாம்

குழு எடுத்த முதல் முடிவு நேர் எதிர்த் திசையில் போனது. கிளாஸை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் 12 புள்ளி கொடுத்து, திறன் பட்டியலிலிருந்து வேண்டியதை வாங்கிக்கொள்ளச் சொன்னோம். இதற்கும் நல்ல முன்னோடி ஆட்டங்கள் உண்டு. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் கிளாஸ் இல்லாமல் திறன்களை மட்டும் வைத்தே நடந்தது. 1986இல் வந்த கர்ப்ஸ் புள்ளி கொடுத்து வாங்கும் முறையை முழுமையாகவே கொண்டுவந்தது. யார் வராவிட்டாலும் வந்தவர்களிடம் எல்லாத் திறனும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

அது பலித்தது. ஆட்டம் எந்த ஞாயிறும் நிற்கவில்லை. ஆனால் ஒரு மாதம் போவதற்குள் ஆறு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது யாருடையது எது என்று பெயரைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் வாள், வைத்தியம், மறைந்து நடத்தல் மூன்றையும் வாங்கியிருந்தார்கள். உயிர் பிழைக்க எது உதவுமோ அதை வாங்குவது இயல்புதான். யாழை வாங்கியவர் யாருமில்லை. பாணர் என்ற பெயர் மட்டும் ஒரு தாளில் மிச்சமிருந்தது.

தாயக்கட்டைக் கணக்கும் இங்கேதான் உடைந்தது. வீரர்களில் ஒருவர் கணக்கில் கெட்டிக்காரர். வாளுக்கு இரண்டு புள்ளி, நல்ல வாள் என்பதற்கு ஒன்று, மேட்டில் நிற்பதற்கு ஒன்று என்று நான்கைச் சேர்த்துவிட்டார். கடினமான செயல்கூட அவருக்குத் தவறாது. சார் கட்டைகளைக் கையில் எடுத்துத் தேய்த்துவிட்டு, உருட்டாமலேயே கீழே வைத்தார். மற்றவர்களும் அதே வழியைப் பிடித்தார்கள்.

இன்னொன்று, புது ஆள் சேர்க்க முடியாமல் போனது. வேலனாக ஆடுபவரின் தம்பி, பிளஸ் டூ முடித்தவர், ஒரு மாலை வந்தார். திறன் பட்டியல் இரண்டு பக்கம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல நான் யாரு?" என்று கேட்டார். பட்டியலில் என்னென்ன வாங்கலாம் என்று இருந்ததே தவிர, இந்த நாட்டில் நீ யார் என்று எங்கும் இல்லை. கிளாஸ் என்பது ஆட்டத்தைப் பூட்டி வைக்கிற விஷயம் மட்டும் அல்ல, உள்ளே வருகிறவருக்கு வாசலும் அதுதான் என்பது அந்தக் கேள்வியால் குழுவுக்குத் தெளிந்தது.

மூன்றாம் வடிவத்துக்கான விவாதம்

இரண்டு ஞாயிறு ஆடாமல் பேசினோம். ஒரு பாத்திரத்தில் எது மாறக்கூடாது, எது மாலைக்கு மாலை மாறலாம், எது கதை நடக்க நடக்க மெல்ல மாற வேண்டும்? முதல் வடிவம் மூன்றையும் கெட்டியாக்கியிருந்தது. இரண்டாம் வடிவம் மூன்றையும் அவிழ்த்து விட்டிருந்தது. மூன்றுக்கும் தனித்தனி விதி வேண்டும் என்று சார் பலகையில் எழுதினார்.

மாறாதது, கிளாஸின் உரிமை. பகடை இல்லாமல், எப்போதும் நடக்கும் ஒரு செயல்; அந்த கிளாஸைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. பாணர் பாடத் தொடங்கினால் முடிக்கும்வரை எந்தப் பக்கத்தாரும் அவர்மேல் கை வைக்க மாட்டார்கள். பகைவர் பாசறைக்குள்ளும் போய் வரலாம். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன மரபு இதற்கு அடிப்படை. கொல்லர் எந்த இரும்பைத் தொட்டாலும் அது எங்கே பலவீனம் என்று தெரியும், காட்சிக்கு ஒரு முறை அதை உடைக்கலாம். வீரர் பக்கத்தில் இருப்பவருக்கு வரும் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளலாம். வேட்டுவருக்கு நாய். இது என் பாத்திரம். எடுத்தனூர் நடுகல்லை வைத்துத்தான் கேட்டேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள அந்தப் பல்லவர் காலக் கல்லில், வீரனோடு கள்ளர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் உருவமும் பெயரும் இருக்கிறது.

மாலைக்கு மாலை மாறுவது, பூ. போர்ச் செயலுக்கு ஏற்ற பூவைச் சூடிப் போவது சங்க மரபு: நிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மதிலைக் காக்க நொச்சி, முற்றுகைக்கு உழிஞை, எதிரெதிரே பொருதத் தும்பை. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு செயலில் இரண்டு புள்ளி என்று வைத்தோம். எந்த கிளாஸாக இருந்தாலும் எந்தப் பூவையும் சூடலாம். அன்றைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் பூவை எடுக்க வேண்டும். மொத்த விதித் தாளிலும் இந்த ஒரு வரியைத்தான் நான் முக்கியம் என்பேன். ஓசூர் ஷிப்ட் அட்டவணையை மாற்ற எங்களால் முடியாது, ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் குழுவை அமைக்க முடியும்.

புண் ஆற்றுவதைக் காஞ்சிப் பூவுக்குக் கொடுத்தோம். புறநானூற்றின் 281ஆம் பாடலில், புண்பட்டவனைக் காக்க வீட்டில் வேப்பிலையும் இரவமும் செருகி, யாழ் இசைத்து, ஐயவி (வெண்கடுகு) தூவி, காஞ்சி பாடுகிறார்கள். அங்கே அதைச் செய்பவர்கள் வீட்டுப் பெண்கள். அந்தப் பாட்டைச் சார் படித்துக் காட்டியபோது வேலனாக ஆடுபவருக்கு முகம் சுருங்கியது. "அப்ப என் ஆளுக்கு என்ன சார் மிச்சம்?" கழங்கு, அதாவது காய்களை இட்டுக் குறி பார்ப்பது, மிச்சம் என்று பதில் வந்தது. மாலைக்கு ஒரு முறை கழங்கு இட்டு, கதையில் மறைந்திருக்கும் எதைப் பற்றியும் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்வி கேட்கலாம். சார் பொய் சொல்லக் கூடாது. வேலனாக ஆடுபவர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

மெல்ல மாறுவது, கல்வி. இன்னொரு கிளாஸின் திறன் வேண்டுமென்றால் கதைக்குள் ஒரு ஆசானைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். ஆசான் உயிரோடு இருக்க வேண்டும் என்றில்லை, நடுகல்லாகவும் இருக்கலாம். முதல் வடிவத்தில் கொல்லர் வீட்டில் பிறந்தவரே கொல்லர் என்று ஒரு வரி இருந்தது. மாணவி அதை அடிக்கச் சொன்னார். "பிறந்த வீட்ட வச்சு ஒரு ஆளோட கைத்திறன முடிவு பண்ற விதி நம்ம ஆட்டத்துல வேண்டாம் சார்." யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கற்பனை நாடுதானே என்று அதை விட்டிருக்க முடியாது. கற்பனை நாட்டிலாவது அது இல்லாமல் இருக்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து இரண்டு புள்ளிக்கு மேல் யாருக்கும் போகாது என்று உச்சவரம்பும் வந்தது. 16இல் 11. ஜெயிப்போம் என்ற நம்பிக்கைக்கும் தோற்றுவிடுவோமோ என்ற பயத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

பின் நடந்தது

புதிய விதியோடு ஆடிய முதல் மாலையிலேயே வேலன் இல்லை. குழு மலைக்கோட்டை ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டது. பாணர் காஞ்சி சூடினார், மாணவி நொச்சி. கதவின் தாழ்ப்பாள் உடையும் நேரத்தில் பாணர் மதில்மேல் ஏறிப் பாடத் தொடங்க, விதிப்படி எதிரிகள் நின்றார்கள். மாந்தோப்புக்காரர் நிஜமாகவே பாடினார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு. அந்த இடைவெளியில் மாணவி எதிரியின் இடிதூணில் பூண்டிருந்த இரும்புப் பட்டையைத் தொட்டு, பலவீனமான ஆணியைச் சொல்லி, உடைத்தார். இரண்டுக்கும் கட்டை உருட்டத் தேவைப்படவில்லை. பிறகு புண்ணாற்ற உருட்டியபோது கட்டைகள் இரண்டும் வெறுமுகம், பன்னிரண்டு.

சிக்கல்களும் வந்தன. தும்பைக்குப் போட்டி அதிகம். ஒரு பூவை ஒரு மாலையில் ஒருவர்தான் சூடலாம், அடுத்த மாலை அவரே அதை எடுக்கக் கூடாது என்று விதி சேர்த்தோம். பூ எடுக்கும் பேச்சு நீண்டுகொண்டே போனதால், சார் அட்டையில் பூ வெட்டிக் கொண்டுவந்து ஒரு டப்பாவில் போட்டார். கையில் எடுத்துச் சட்டைப் பையில் செருகினால் முடிந்தது. பேச்சு தானாகக் குறைந்தது.

சில மாதம் கழித்து ஒரு வீரர் இறந்தார். மற்றவருக்கு வந்த அடியைத் தன்மேல் வாங்கியதால் வந்த சாவு. குழு கல் நட்டது. அடுத்த மாலை மாணவியின் கொல்லர் அந்தக் கல்லின் முன் போய், வாள் தடுக்கக் கற்றுக்கொடு என்று கேட்டார். கல்லாகப் பேச வேண்டியவர் அந்த வீரராக ஆடியவர்தான். என்னைக் கொன்றவனின் வாளைக் கொண்டுவந்து உருக்கி, மாட்டுக்கு மணி செய் என்று விலை சொன்னார். மாணவி அதைச் செய்து முடிக்கப் பல மாலைகள் ஆயின. தாளில் வாள் என்ற ஒரு புள்ளி ஏறிய அன்று, அது எங்கிருந்து வந்தது என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். புள்ளி கொடுத்து வாங்கிய காலத்தில் இது ஒரு முறையும் நடக்கவில்லை.

கணக்கில் கெட்டிக்காரரான இன்னொரு வீரர் குழுவை விட்டு விலகினார். சண்டை இல்லை. வீட்டில் உட்கார்ந்து தாளில் பாத்திரத்தைக் கட்டுவதுதான் தனக்குப் பிடித்த பாதி ஆட்டம், புதிய விதியில் அதற்கு வேலை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு இரண்டாம் வடிவமே சரியான ஆட்டம். அவர் இடத்துக்கு வந்தவர் "நான் யாரு" என்று கேட்ட தம்பி. ஐந்து கிளாஸையும் கேட்டுவிட்டு உடனே வேட்டுவர் என்றார், நாய்க்கும் பெயர் வைத்தார்.

வேலனாக ஆடுபவர் இப்போது கழங்குக் கேள்வியை வாரம் முழுக்க யோசித்து வைத்துக்கொண்டு வருகிறார். வர முடியாத வாரம் அந்தக் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கேட்டார். சார் அனுமதித்தார்.

இனி மாற்ற வேண்டியவை

உரிமைகள் ஒரே எடையில் இல்லை. பாணரின் உரிமை மற்ற நான்கையும்விடப் பெரியது. மாங்காய்க் காலம் வந்தால், மே முதல் ஜூலை வரை, பாணராக ஆடுபவரைத் தோப்பிலும் மண்டியிலும்தான் பார்க்கலாம். அந்த மாதங்களில் குழுவால் எந்தப் பகையையும் பேசித் தீர்க்க முடியவில்லை. கதை முழுக்கச் சண்டையாகவே போனது. புண்ணாற்றுவதில் இருந்த பழைய சிக்கல், சமாதானம் பேசுவதில் திரும்ப வந்திருக்கிறது. தூது போவதற்கென்று ஒரு பூவைச் சேர்ப்பதா, பாணர் தன் யாழை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வைப்பதா என்று பேச்சு நடக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. யாழை வாங்கியவர் அதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்ற கடமையும் கூடவே வரும்.

உச்சவரம்பு இரண்டு புள்ளி என்பதால், நெடுநாள் ஆடிய பாத்திரத்துக்கும் புதிதாக வந்தவருக்கும் கட்டையில் பெரிய வித்தியாசம் இல்லை. புது ஆளுக்கு இது நல்லது. பழையவர்களுக்கு வளர்ச்சி தெரியவில்லை என்ற குறை நியாயமானது. புள்ளியை ஏற்றாமல், தாயம் விழும்போது பழைய பாத்திரங்களுக்கு மட்டும் உரிமையை இன்னொரு முறை பயன்படுத்த அனுமதிக்கலாம் என்பது சாரின் திட்டம். தாயம் விழ 16இல் 2 வாய்ப்பு, எட்டுக்கு ஒன்று. கொல்லருக்கு இது சரியாக வரும். காட்சிக்கு இரண்டு இரும்பு உடைக்கலாம். முடிவே இல்லாத உரிமை உள்ள பாணருக்கும் வீரருக்கும் இதனால் பயன் இல்லை, அவர்களுக்கு வேறு ஏதாவது வேண்டும்.

உழிஞை ஒரு முறைகூட எடுக்கப்படவில்லை. இந்தக் குழு கோட்டையைக் காக்கிறது, மாட்டை மீட்கிறது. யாருடைய ஊரையும் முற்றுகையிடப் போனதில்லை. அந்த அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சார் இன்னும் எடுக்கவில்லை; அடுத்த கதையில் கோட்டை எதிரியின் கையில் இருக்கப் போகிறதாம்.